நிலநடுக்கமும் நம் சொல்லும்

(திருக்காட்டுப்பள்ளியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய அறிவியற் பொழிவின் எழுத்து வடிவம்)

 

காவிரியினின்று குடமுருட்டி பிரிந்தோடும் இவ்வூரில் நின்றுகொண்டு, நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "வெள்ளத்தைப் பற்றிப் பேசுக, கேட்போம், வறட்சியைப் பற்றிப் பேசுக, கேட்போம், காவிரி நீருரிமையைப் பற்றிப் பேசுக, விடியவிடியக் கேட்போம். நடுங்காத நிலத்தில் நிலநடுக்கப் பேச்சு எதற்கு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும்.

இரண்டு கரணியங்களுக்காக இப்பொருளை எடுத்துக்கொண்டேன். ஒன்று: நம் நிலம் நடுங்காத நிலம் என்பது உண்மையன்று. மற்றொன்று: ஓர் அறிவு தாய்மொழிச் சொல்லேறி மக்கள் நாவில் வாழுமாயின், அஃது உயிர் காக்கும், அயன்மொழிச் சொல்லில் அலுவலக அறையில் அடைந்து கிடக்குமாயின், காக்காது. இதற்கு நிலநடுக்கத்தைவிட நல்ல சான்று வேறில்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'பூகம்பம்' என்னும் வடசொல்லைக் கேட்டால் நம் பாட்டிக்கு அச்சம் வரும், பொருள் வாராது. 'நிலநடுக்கம்' என்று சொல்லுங்கள். பள்ளி வாயிலை மிதியாத குழந்தைக்கும் பொருள் விளங்கும். நிலம் நடுங்குகின்றது, அவ்வளவே. சொல்லே பாடம் நடத்துகின்றது. அப்படியாயின், நிலம் ஏன் நடுங்குகின்றது? சொல் தூண்டும் அடுத்த வினா அதுதான்.

நிலவுலகைப் பாம்பு தாங்குகின்றது, அது தலையை மாற்றும்போது நிலம் ஆடுகின்றது என்னும் கட்டுக்கதைகளை விட்டொழிப்போம். ஒரு பச்சை மூங்கிற் கழியை இரு கைகளாலும் பற்றி மெல்ல வளைத்துப் பாருங்கள். வளையும், மேலும் வளையும். ஓர் எல்லைக்கு மேல் தாங்காமல் படாரென ஒடியும். ஒடிந்த நொடியில் கை அதிரும். வளைக்கும்போது சிறுகச் சிறுகக் கழியிற் சேர்த்துவைத்த ஆற்றல் ஒரே நொடியில் வெளிப்பட்டது, அதுவே அவ்வதிர்ச்சி. பாறைக்கும் இஃதே நெறி.

ஞாலத்தின் மேலோடு ஒரே முழு ஓடன்று. ஆமையோட்டின் பொருத்துகளைப்போல் பல பெருந்தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவை ஓயாது நகர்கின்றன. நாம் வாழும் இந்தியத் தட்டு ஆண்டிற்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியப் பெருநிலத்தை முட்டுகின்றது. அம்முட்டலில் எழுந்ததே இமயம். தட்டுகள் உரசும் இடங்களிலும், தட்டின் உள்ளேயே பழம்பிளவுகள் உள்ள இடங்களிலும், பாறை நெடுங்காலம் வளைந்து, இறுக்கம் தாங்காது ஒருநாள் உடைந்து வழுக்குகின்றது. உடைவு தொடங்கும் ஆழத்து இடத்தைக் குவியம் என்போம். அதற்கு நேர்மேலே தரையில் உள்ள இடம் மேல்நடுவம்.

உடைந்த இடத்திலிருந்து அலைகள் புறப்படுகின்றன. முன்னே விரைந்து வருவது முதலலை. அது பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கித் தளர்த்திக்கொண்டு வரும். அடுத்து வருவது குறுக்கலை; அது பாறையைப் பக்கவாட்டில் உலுக்கும். இறுதியாகத் தரையை ஒட்டிப் பரப்பலைகள் வரும். 1897 சூன் 12-ஆம் நாள் அசாமில் நேர்ந்த பெருநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டம் என்னும் பிரித்தானிய நிலவியலறிஞர், இம்மூன்றையும் வரைவுகளில் பிரித்தறிந்து காட்டினார். அவரே 1906-இல், ஞாலத்தின் உள்ளே வேறு வகையான நடுக்கரு ஒன்று உண்டென்பதையும் இவ்வலைகளைக் கொண்டே நிறுவினார். தோண்டிக் காணமுடியாத ஆழத்தை நடுக்கம் காட்டிக்கொடுத்தது!

இவ்வலைகளைப் பதிவு செய்யும் கருவியை நடுக்கவரைவி என்போம். அதன் நுட்பம் எளிது. அடுக்களையில் உறி தொங்குகின்றது. வீடு சட்டென ஆடினால், உறியிலுள்ள பானை தன் கனத்தால் உடனே நகராமல் பின்தங்கும், சுவர் நகர்ந்துவிடும். பானையில் ஒரு தூவலைக் கட்டி, சுவரோடு சேர்ந்தாடும் தாளை அதன் முனையில் படவைத்தால், ஆட்டம் கோடாக எழுதப்படும். கனமான ஊசற்குண்டு, உருளும் தாள், வேளையைக் குறிக்கும் கடிகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய நடுக்கவரைவி. இக்காலத்தே தூவலும் தாளும் போய் மின்னணுப் பதிவு வந்துவிட்டது; நெறி மாறவில்லை. அசாம் நடுக்கத்தை அடுத்து இந்தியாவில் நிறுவப்பட்ட தொடக்ககால நிலையங்களுள் நம் கோடைக்கானலும் ஒன்று. ஏறத்தாழ 1899 முதல் அம்மலையில் நிலத்தின் துடிப்பு பதிவாகி வருகின்றது. தமிழ்நாட்டு மாணவருள் எத்துணைப் பேர் இதை அறிவர்?

எங்கோ நேர்ந்த நடுக்கத்தின் தொலைவை இங்கிருந்தே எப்படிக் கணிக்கின்றனர்? கல்லணையிலிருந்து ஒரே வேளையில் இருவர் திருக்காட்டுப்பள்ளிக்குப் புறப்படுகின்றனர் என்று கொள்ளுங்கள். ஒருவர் மிதிவண்டியில், ஒருவர் நடந்து. மிதிவண்டிக்காரர் வந்து எவ்வளவு நேரம் கழித்து நடப்பவர் வந்தார் என்று தெரிந்தால், அவர்கள் எவ்வளவு தொலைவு வந்தனர் என்று கணக்கிடலாமன்றோ? முதலலைக்கும் குறுக்கலைக்கும் உள்ள இடைவெளியும் அத்தகையதே. அண்மை நடுக்கமாயின், இடைவெளியின் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு என்று கொள்ளலாம். ஒரு நிலையம் தொலைவை மட்டும் சொல்லும். திசையை உறுதியாகச் சொல்லாது. மூன்று நிலையங்களிலிருந்து அவ்வவற்றின் தொலைவுக்கு வட்டம் வரைந்தால், மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடமே மேல்நடுவம்.

இனி அளவுக்கு வருவோம். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் நம் மக்களைக் குழப்பும் இடம் இதுதான். "இரிக்டர் அளவுகோலில் 6 பதிவாகியது" என்கின்றனர். கேட்பவர், எங்கோ ஒரு கோல் நட்டுவைத்திருக்கின்றனர், அதில் பாதரசம்போல் ஏதோ ஏறுகின்றது என்று எண்ணுகின்றார். அப்படியொரு கோல் எங்கும் இல்லை. அது கணக்கிட்டுப் பெறும் ஓர் எண். ஆகவே அதனை அளவெண் என்று வழங்குவோம்.

1935-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில் சார்லசு இரிக்டர் இக்கணக்கை வகுத்தார். மேல்நடுவத்திலிருந்து 100 கி.மீ. தொலைவில், குறிப்பிட்ட வகைக் கருவியொன்று 1 மில்லிமீட்டர் உயரத்திற்கு அலை வரையுமாயின், அந்நடுக்கத்தின் அளவெண் 3. அலை பத்து மடங்கு உயர்ந்து 10 மில்லிமீட்டரானால் அளவெண் 4. அளவெண் ஒன்று கூடினால் அலையின் உயரம் பத்து மடங்கு கூடும். வெளிப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு! ஆறும் எட்டும் அருகருகே உள்ள எண்கள் என்று எண்ணுவார், இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்க. மிகப்பெரிய நடுக்கங்களை இரிக்டர் கணக்கு சரியாக அளக்கமாட்டாது. எனவே 1979-இல், எவ்வளவு பரப்புள்ள பாறை எவ்வளவு தொலைவு வழுக்கியது என்பதைக் கொண்டு அளவெண் காணும் புதிய முறை வகுக்கப்பட்டது. பெருநடுக்கங்களுக்கு இன்று வழங்குவது அதுவே.

அளவெண் ஒன்று, தாக்கம் மற்றொன்று. கோயில் வாயிலில் தவில் முழங்குகின்றது. கலைஞர் ஓங்கி அடித்த அடியின் வன்மை ஒன்றே. ஆனால் வாயிலில் நிற்பவர்க்குச் செவி அதிர்கின்றது. அடுத்த தெருவில் இனிமையாகக் கேட்கின்றது. ஆற்றங்கரையில் மெல்லக் கேட்கின்றது. அடியின் வன்மைபோல் நடுக்கத்தின் அளவெண் ஒன்றே. கேட்கும் ஓசைபோல் தாக்கம் ஊருக்கூர் வேறு. தாக்கத்தை அளக்க இத்தாலியர் மெர்க்காலியின் பெயரால் வழங்கும் 12 படி வரிசை உண்டு. முதற்படியில் மாந்தர் உணரார். நடுப்படிகளில் ஏனங்கள் உருளும், சுவர் வெடிக்கும். பன்னிரண்டாம் படியில் எல்லாம் தரைமட்டம். இதற்குக் கருவி வேண்டா. கண்ட கண்ணும் கேட்ட செவியுமே போதும்.

தாக்கம் ஊருக்கூர் வேறுபடத் தொலைவு மட்டுமே கரணியமா? அன்று. காலடியில் என்ன மண் என்பதும் கரணியம். இங்குதான் நம் ஊர் வருகின்றது.

நாம் நிற்பது கருங்கற் பாறையின்மேல் அன்று. காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் நம் காலடியில் உள்ளன. கடல் நோக்கிச் செல்லச் செல்ல அவ்வண்டல் தடித்துக்கொண்டே போகின்றது. நெல்லுக்கு அதனினும் நல்ல மண் இல்லை. நடுக்கத்திற்கோ அதனினும் கெட்ட மண் இல்லை. கெட்டிப் பாறையில் அலை விரைந்து கடந்துவிடும். இளகிய மண்ணில் அது விரைவு குன்றி, உயர்ந்து, நெடுநேரம் ஆட்டும். நீரூறிய மணலாயின், உலுக்கலில் சேறுபோல் குழைந்து, மேலுள்ள சுவரைத் தாங்காது விட்டுவிடவும் கூடும்.

1985 செப்தம்பர் 19-இல் மெக்சிக்கோக் கடற்கரையை ஒட்டி 8 அளவெண்ணுள்ள நடுக்கம் நேர்ந்தது. தலைநகரம் அங்கிருந்து 350 கி.மீ.க்கு அப்பால் இருந்தது. எனினும் அந்நகர் பழைய ஏரிப்படுகையின்மேல் எழுந்ததாதலால், அங்கேதான் மாடிகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2001 சனவரி 26-இல் குசராத்துக் கச்சுப் பகுதியில் 7.7 அளவெண்ணுள்ள நடுக்கம் நேர்ந்தபோது, 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில், சாபர்மதி ஆற்று வண்டலின்மேல் நின்ற அடுக்குமாடிகள் பல விழுந்து பலநூற்றுவர் இறந்தனர். ஆற்று மண்ணில் வாழும் நாம் இவ்விரண்டையும் அயலூர்ச் செய்தியாகப் படிக்கலாமா?

"இருக்கட்டும், நம் பக்கம் நடுக்கமே வாராதே" என்பீராயின், வரலாற்றைப் பாருங்கள். 1900 பிப்பிரவரி 8-இல் கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவெண்ணுள்ள நடுக்கம் நேர்ந்து தென்னாடு முழுதும் உணரப்பட்டது. 2001 செப்தம்பர் 25-ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் நேர்ந்தது. சென்னையில் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தனர்.

தீவக்குறை நிலம் அசையாத பழம்பாறை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1967 திசம்பர் 11-இல் மகாராட்டிரத்துக் கொயினாவில் அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1993 செப்தம்பர் 30-ஆம் நாள் விடியற்குமுன் இலாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் அஃது உடைந்தே போயிற்று. அந்நடுக்கத்தின் அளவெண் 6-க்குச் சற்றே மிகுதி. ஆனால் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் கல்லும் மண்ணும் அடுக்கிய கனத்த சுவர்கள் விழுந்தன. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அன்றிருந்த வரைபடத்தில் அவ்வூர் இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது! 2002-இல் வெளியான இந்தியத் தர நெறிமுறையில் அம்முதல் மண்டலமே நீக்கப்பட்டது. அந்நெறிமுறை சென்னையையும் கோவையையும் மூன்றாம் மண்டலத்திலும், தஞ்சையை இரண்டாம் மண்டலத்திலும் வைத்தது. இரண்டாம் மண்டலம் என்றால் இடர் குறைந்தது என்று பொருள். இடர் அற்றது என்று பொருளன்று. இடரற்ற மண்டலம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

அன்பர்களே, நம் நிலத்தில் பிறக்கும் நடுக்கத்தைச் சொன்னேன். தொலைவில் பிறந்து கடல்வழி வந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. நாகையும் வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் பூம்புகாரும் நம் உறவூர்கள் அல்லவா?

2004 திசம்பர் 26 (திருவள்ளுவராண்டு 2035), ஞாயிறு காலை 6 மணி 29 மணித்துளியளவில், சுமத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு 1,200 கி.மீ. நீளத்திற்குக் கிழிந்து வழுக்கியது. அங்கிருந்து நாகை ஏறத்தாழ 2,000 கி.மீ. நிலத்தினூடே வந்த முதலலை அத்தொலைவை 4 மணித்துளியளவில் கடந்தது. கடல்மேல் எழுந்த பேரலையோ, 4 கி.மீ. ஆழமுள்ள கடலில் மணிக்கு 700 கி.மீ. விரைவில் ஓடக்கூடியதாயினும், நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. கருவிகள் நடுக்கத்தைப் பதிந்தன. முதலில் அளவெண்ணை 8 என்றனர், பின்னர் 8.5 என்றனர், 9-க்கு மேல் என்று உறுதியாவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓர் அளவெண் கூடினால் ஆற்றல் 32 மடங்கு என்றேனே, அதன் கொடுமையை இங்கே எண்ணிப்பாருங்கள்! நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையில் சிலர் நிலம் ஆடியதைக் காலையிலேயே உணர்ந்திருந்தனர். இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. கரையில் இருந்தோர்க்கு ஒரு சொல் வந்துசேரவில்லை.

சொல் நம்மிடம் இல்லையா? இருந்தது! 'கடல்கோள்' என்னும் சொல் பழந்தமிழ்ச் சொல். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. இதோ இவ்வூரைத் தொட்டோடும் காவிரி போய்க் கலக்கும் இடம் அது. பட்டிமன்றங்களில் கடல்கோளைப் பற்றி முழங்கினோம். பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டினோம். ஆனால் "நிலம் நெடுநேரம் ஆடினால் கடல் எழும், மேட்டுக்கு ஓடு" என்னும் ஒரே வரியை அச்சொல்லோடு சேர்த்துக் கரையோரக் குழந்தைக்குச் சொல்லித்தர மறந்தோம். சொல்லை ஏட்டில் வைத்தோம், நாவில் வைக்கவில்லை.

இதே நாளில், நடுக்கத்தின் மேல்நடுவத்துக்கு மிக அண்மையில் உள்ள சிமலூ என்னும் சிறுதீவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து மக்களை வாரிச்சென்றது. எஞ்சியோர் அதற்குத் தம் தாய்மொழியில் 'சுமோங்கு' என்று பெயரிட்டனர். பாட்டி பேரனுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவைத்தாள்: நிலம் வலுவாக ஆடி, கடல் உள்வாங்கினால், அது சுமோங்கு, மலைக்கு ஓடு. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அந்தக் காலையில் நிலம் ஆடியதும், யாரோ அச்சொல்லைக் கூவினர், ஊரே மலையேறியது. 70,000-க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர் அளவில்தான். கருவி இல்லை; செயற்கைக்கோள் இல்லை; ஒரு தாய்மொழிச் சொல் இருந்தது!

"தமிழ் தமிழ் என்கின்றீர்களே, தமிழ் சோறு போடுமா?" என்று கேட்போர்க்கு, "தாய்மொழிச் சொல் உயிரே காக்கும்" என்று இனி விடை சொல்லுங்கள். ஆனால் ஒன்று: சொல் வெறும் சொல்லாக நின்றால் காவாது. அறிவைச் சுமந்து நின்றால்தான் காக்கும். தனித்தமிழ்த் தொண்டென்பது அயற்சொல்லைக் களைவதோடு முடிவதன்று. களைந்த இடத்தில் அறிவை நடுவதே அதன் நிறைவு.

ஐதராபாத்தில் 2007 அத்தோபரில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நடுவம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்பிரல் 11-இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவெண்ணுள்ள நடுக்கம் நேர்ந்தபோது, மணித்துளிகளில் செய்தி பிறந்தது. இது நல்லது. ஆனால் அச்செய்தி கடைசி மீனவர் குப்பத்தை எம்மொழியில் எட்டுகின்றது என்பதே முடிவான வினா. அதுபோன்றே, நடுக்கந்தாங்கும் கட்டட நெறிமுறைகள் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்டவை. வீடு கட்டும் கொத்தனார் தமிழர். அந்நெறி அவர் கையில் தெளிதமிழில் சேரவேண்டும்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை சில. ஒன்று: இன்ன நாளில் நடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் எவர்க்கும் இன்னும் இயலவில்லை. கைப்பேசியில் நாள் குறித்து வரும் செய்தியையும் குறிகாரன் கூற்றையும் நம்பாதீர். இரண்டு: நாளை வருவதை அறியமுடியாவிட்டாலும், வந்தால் தாங்கும் வீட்டை இன்றே கட்டலாம். வாயில் மட்டத்தில் சுவர் முழுதையும் சுற்றிப் பைஞ்சுதை வளையம் ஓடட்டும். மூலைகளில் கம்பி நிற்கட்டும். தூண்மேல் மட்டும் நிற்கும் வெற்றுக் கீழ்த்தளம் வேண்டா. மூன்று: நடுக்கம் வந்தால், உள்ளே இருப்போர் உறுதியான மேசைக்கீழ்ப் பதுங்கித் தலையைக் காத்துக்கொள்க, வெளியில் இருப்போர் சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகுக. நான்கு: கடற்கரையில் இருக்கும்போது நிலம் நெடுநேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எவர் கட்டளைக்கும் காத்திராது மேட்டுக்கு ஓடுக, ஓடும்போதே 'கடல்கோள்' என்று கூவுக.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவெண், தாக்கம், குவியம், மேல்நடுவம், முதலலை, குறுக்கலை, நடுக்கவரைவி: இவ்வேழு சொற்களை நம் பிள்ளைகள் நாவில் ஏற்றுங்கள். தாய்மாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கதைகளில் கடல்கோளுக்கும் ஓரிடம் கொடுங்கள். சிமலூத் தீவின் பாட்டியால் இயன்றது தஞ்சைப் பாட்டியால் இயலாதா?

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல் தமிழ்!